கதவக்காவின் மூன்றாம் நாள்

அந்தக் கருத்தரிப்பு மருத்துவமனையின் ஆய்வகத்தில் கருக்களைக் கவனித்துக்கொள்ளும் அவளுக்குக் கதவக்கா என்றே பெயராகிவிட்டது. இன்குபேட்டர் கதவில் யாராவது கை வைத்தால் போதும், "கதவு! கதவு!" என்று பதறுவாள். கருக்களை வளர்க்கும் வெதுவெதுப்பான பெட்டி அது. ஒரு நாளைக்கு ஒரே தடவை, காலை ஒன்பது மணிக்குத்தான் திறக்கலாம். அடிக்கடி திறந்தால் சூடு இறங்கிவிடும். வாசனையும் கருக்களுக்கு ஆகாதாம். இருபது வருடமாக அவள் வாசனை சோப்புகூடப் போட்டதில்லை. "என் பொண்டாட்டிகிட்ட பச்சைத் தண்ணி வாசனைதான் வரும்" என்று வீட்டுக்காரர் கேலி செய்வார்.

மங்கிய வெளிச்சம், பெட்டியின் மெல்லிய முனகல். உள்ளே போனால் தண்ணீருக்கடியில் நடப்பது போலிருக்கும் அவளுக்கு. வெளியே வெயிலா மழையா என்பதே மறந்துபோகும்.

இந்த வாரம் பெட்டிக்குள் இருந்தது அவள் தங்கையின் கரு. தங்கைக்கு நாற்பத்தோரு வயது, ஐந்தாவது முயற்சி, தேறியது ஒன்றே ஒன்று. முந்தைய நான்கு முறையும் எதுவுமே மூன்றாம் நாளைத் தாண்டவில்லை. இதுதான் கடைசி என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

முதல் இரண்டு நாள் எந்தக் கருவும் சுயபுத்தியில் நடப்பதில்லை. தாய் முட்டைக்குள் வைத்தனுப்பிய கட்டளைகளைக் கேட்டே ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். கட்டிக்கொடுத்த சோறும் சொல்லிக்கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு? மூன்றாம் நாள் அந்த இருப்பு தீரும்போது, உள்ளே உறங்கிக் கிடக்கும் கருவின் சொந்த மரபணுக்கள் விழித்தாக வேண்டும். விழிக்காவிட்டால் அதோடு சரி. இதைத் தங்கைக்கும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

மூன்றாம் நாள் காலை லென்ஸுக்கடியில் நான்கே செல்கள். எட்டு இருந்திருக்க வேண்டும்.

"நின்னுடுச்சு போலிருக்கும்மா. தங்கச்சிகிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்றார் டாக்டர்.

"நாளைக்குக் காலைல வரைக்கும் விடுங்க சார்."

தங்கை ஃபோனில் கேட்டாள். "என்னக்கா பண்ணுது?"

"தூங்குதுடி."

பொய்யில்லை. ஆனாலும் அடுத்த கேள்வி வருமுன் ஃபோனை வைத்துவிட்டாள்.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். கனவில் நடப்பவள் மாதிரி போய்க் கதவைத் திறந்தாள். வெறுங்கண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்பது அவளுக்குத் தெரியாதா? தூங்கும் குழந்தையை எட்டிப் பார்ப்பது போல நின்றாள். வெதுவெதுப்பு முகத்தில் பட்டது. "எழுந்திரு கண்ணு" என்றாள்.

"கதவு!"

கூட வேலை செய்யும் பெண். யாரென்று பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ அக்கா, நீங்களா?"

வேலியே பயிரை மேய்ந்த கதைதான். வெட்கத்தில் காது சுட்டது. கதவை மூடிப் பூட்டிச் சாவியை அவள் கையில் திணித்தாள். "நீயே வச்சுக்கோ. நான் கெஞ்சினாலும் குடுக்காதே."

மறுநாள் ஏழு மணிக்கே வந்து, ஆய்வக வாசலில் கழற்றிப்போட்ட செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். சரியாக ஒன்பதுக்கு அந்தப் பெண் திறந்தாள். கதவக்கா லென்ஸில் குனிந்தாள். ஐந்து, ஆறு... கண் கலங்கி எண்ணிக்கை தப்பியது.

"நீ எண்ணு."

"ஒன்பதுக்கா."

டாக்டரும் பார்த்தார். "லேட்டாத்தான் முழிச்சிருக்கு. இன்னும் எவ்வளவோ தூரம் போகணும். ஆனா முழிச்சிருச்சு."

ஃபோன் அடித்தது. தங்கையின் குரல் அதற்குள்ளேயே உடைந்திருந்தது. "என்னக்கா பண்ணுது?"

"அதையேன் கேக்குறே? இனிமே உன் பேச்சைக் கேக்காதுடி. எல்லாம் அது இஷ்டம்தான்."

"இப்பவேவா?" என்றவள் ஓவென்று அழுதுவிட்டாள்.