நானே போட்ட தரை

நான் ஒரு மடையன். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நீங்களாகச் சொல்வதைவிட, நானே முந்திக்கொள்வதுதான் மரியாதை.

எப்பேர்ப்பட்ட மடையன் என்கிறீர்களா? சொந்த வீட்டு ஹாலில், தன் கையால் ஒட்டிய டைல்ஸுக்கு நடுவே, வெளியேற வழியில்லாமல் மூன்று மணிநேரம் சிறையிருந்த மடையன்!

மடத்தனம் குற்றமல்ல. குற்றம் அதற்குப் பிறகு வந்தது. நான்கு ஆண்டுகளாக ஒரு பொய்யின் மேல் நடக்கிறேன், அதன் மேல் உட்கார்ந்து சாப்பிடுகிறேன், அதன் மேலேயே படுத்துத் தூங்கவும் செய்கிறேன்... அந்தத் தரையை நான் போடவில்லை. நான் போட்டதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

திருச்செங்கோட்டில், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்கான பட்டறை ஒன்றில் எனக்கு ஸ்டோர் கீப்பர் வேலை. கேட்கிற போல்ட்டை எடுத்துக் கொடுப்பேன். சில நாள் கேட்காத போல்ட்டையும் எடுத்துக் கொடுப்பேன். கைவேலைக்கும் எனக்கும் உள்ள உறவு அவ்வளவுதான். நான் ஆணி அடித்தால் ஆணி நிற்கும், சுவர் விழும். ஆகவே வாயால் பிழைக்கிறவன். எந்தக் கூட்டத்திலும் என்னைத் தூக்கி நடுவில் போட்டுவிட்டால் போதும், சிரிப்புக்குப் பஞ்சமிருக்காது.

என் மனைவி கோமதியின் அண்ணன் பள்ளிபாளையத்தில் வீடு கட்டிக் கொடுக்கும் காண்ட்ராக்டர். ஒரு விருந்தில் அத்தனை பேருக்கும் முன்னால் சொன்னார்: "எம் மாப்ள ஒரு பல்பு மாட்டோணும்னாலும் நாலு பேரு ஏணியப் புடிக்கோணும்!"

எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவன் நான். கோமதி சிரிக்கவில்லை, தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது உள்ளே எங்கோ குத்தியது... சிரிக்க வைக்கிறவனுக்கும் உள்ளே என்று ஓரிடம் இருக்கிறதே!

ஆட்டையாம்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. ஹாலின் பழைய சிமெண்ட் தரை வெடித்துக் கிடந்தது. கோமதி தன் தங்கையின் பிரசவத்துக்காக மகளையும் அழைத்துக்கொண்டு ஜலகண்டாபுரம் போனாள். பத்து நாள். நான் பட்டறைக்கு விடுப்புச் சொன்னேன். அவள் திரும்பும்போது தரை பளபளக்க வேண்டும், போட்டது புருஷன் என்று ஊர் பேச வேண்டும்! கைப்பேசியில் வீடியோ பார்த்தேன். அதில் ஓர் ஆள் பத்து நிமிடத்தில் ஒரு மாளிகையையே முடித்துவிடுகிறான். நமக்கு ஒரு ஹாலுக்கு எவ்வளவு ஆகிவிடும்?

பழைய தரையைக் கொத்தி அள்ளவும், மணல் சுமக்கவும் மட்டும் ஒரு சித்தாளை அழைத்தேன். அடுத்த தெருப் பூங்கொடி. என் வயதுதான் இருக்கும். கொத்தனார்களுக்குக் கலவை கலந்து, கல் எடுத்துக் கொடுப்பவள். முதல் நாள் மதியமே, "நீ போ அம்மிணி, இனி நான் பாத்துக்கறேன்" என்று அனுப்பிவிட்டேன். சாட்சி எதற்கு?

நல்ல காரியத்தை ஈசானி மூலையில் தொடங்க வேண்டுமல்லவா? மறுநாள் காலை தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, வடகிழக்கு மூலையில் முதல் கல்லை வைத்தேன். எங்கள் தலைவாசல் இருப்பதும் அதே மூலை. சமையலறைக் கதவும் அந்தப் பக்கம்தான். இதில் என்ன கோளாறு என்று உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை! வாசலிலிருந்து உள்நோக்கி ஒட்டிக்கொண்டே போனேன். மாலை நாலு மணிக்கு நிமிர்ந்தபோது தென்மேற்கில், கன்னி மூலையில், ஒரு பாய் அளவு இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். என்னைச் சுற்றி ஈரம் காயாத டைல்ஸ். கால் வைத்தால் பெயர்ந்துவிடும். பின்னால் சுவர். சன்னலுக்குக் கம்பி.

குடித்திருந்த இரண்டு சொம்புத் தண்ணீர் அப்போதுதான் தன் வேலையைக் காட்டத் தொடங்கியது...

ஏழு மணிக்கு, முந்தின நாள் மறந்துவிட்டுப்போன தூக்குப்போசியை எடுக்கப் பூங்கொடி வந்தாள். சன்னல் வழியே எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்ணா... கன்னி மூலையில நின்னுட்டு ஆரக் கும்புடறீங்க?"

"கல்லு காயற வரைக்கும் காவலுக்கு நிக்கறேன் அம்மிணி."

அவள் வாசலுக்கு வந்து குத்த வைத்து, விரல் முட்டியால் நாலைந்து கல்லைத் தட்டினாள். காதைச் சாய்த்துக் கேட்டாள்.

"மிதிச்சுட்டே வாங்க. எப்படியும் பேத்தெடுக்கத்தான் வேணும்."

"ஏன்?"

"அடியில பூரா பொக்கு, கலவையே சேரல. வாட்டமும் இல்ல. வெள்ளிக்கெழம ஊடு கழுவுனா தண்ணி நேராச் சமையக்கட்டுக்குத்தான் போவும். அக்கா அங்கயே பாத்தரத்தக் கழுவிக்கலாம்."

வாட்டம்! தண்ணீர் தானாக வாசலைத் தேடிப் போகும்படி, கண்ணுக்குத் தெரியாமல் தரையில் வைக்கிற சாய்வு. நான் பார்த்த எந்த வீடியோவிலும் அந்தச் சொல்லே இல்லை. மிதித்துக்கொண்டு ஓடினேன். எங்கே ஓடினேன் என்று சொல்லத் தேவையில்லை.

திரும்பி வந்து கேட்டேன். "உனக்கு எப்படித் தெரியும் இதெல்லாம்?"

"பதினஞ்சு வருசமாக் கல்லு எடுத்துக் குடுக்கறேன். கண்ண மூடிட்டா குடுத்தேன்?"

"அப்ப நீயே போட்டிருக்கியா?"

"கரணையக் கழுவறதுக்கு மட்டுந்தான் எங்கிட்டக் குடுப்பாங்க."

கீழே கிடந்த என் கரணையையே பார்த்தாள். கொத்தனாரின் கையில் இருக்கிற அந்தச் சின்ன இரும்புத் தகட்டை நான் அதுவரை ஒரு கருவி என்றுதான் நினைத்திருந்தேன். எடுத்து அவளிடம் நீட்டினேன். என் வாழ்நாளில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் அது.

மறுநாள் காலையிலிருந்து அவள் கொத்தனார். நான் சித்தாள்!

கன்னி மூலையிலிருந்து வாசலை நோக்கிப் பின்வாங்கிக்கொண்டே வந்தாள். டியூபில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்தாள், நூல் கட்டினாள். ஒவ்வொரு கல்லையும் தட்டிக் காது கொடுத்துக் கேட்டு, சரியில்லையென்றால் எடுத்து மறுபடி வைத்தாள். நான் சும்மாடு கட்டிக் கலவை சுமந்தேன். "ஏனுங்ணா, இது கலவையா, ராகிக் கூழா?" என்று அதட்டினாள். "கொஞ்சம் உப்புப் போட்டுக் குடிச்சுப் பாரு" என்றேன். சிரித்தாள். ஆனால் கலவையைத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

நான்கு நாள். அவளுடைய கை ஓடுகிறபோது முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்! பசித்தவர் சாப்பிடுகிற அமைதி அதில் இருந்தது.

கடைசி நாள் கை கழுவிவிட்டு வந்து நின்றாள். அவளாகக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அண்ணா, ஆராச்சும் கேட்டாங்கன்னா, பூங்கொடி போட்டதுன்னு சொல்லுங்க. நானாச் சொன்னா ஆரும் நம்ப மாட்டாங்க. நீங்க சொன்னா, நாளைக்கு எவனாச்சும் கரணையக் கையில குடுப்பான்."

"இதென்ன அம்மிணி, ஊருக்கே சொல்றேன்!" என்றேன். சத்தியமாக அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கோமதி வந்தாள். கொண்டுவந்து விட்டவர் அவளுடைய அண்ணன். பூங்கொடி மிச்ச மணலைச் சலித்துக்கொண்டிருந்தாள், கேட்டுக்குப் பக்கத்தில்.

மச்சான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். வண்டிச் சாவியால் அங்கங்கே தட்டினார். ஒரு சொம்புத் தண்ணீரைக் கன்னி மூலையில் ஊற்றினார். அது பழக்கப்பட்ட பசு மாதிரி நேராக வாசலைப் பார்த்து நடந்தது.

"மாப்ள, ஆரு வேல இது? அந்தக் கொத்தனார எனக்குக் குடுங்க. ஒம்பது ஊடு டைல்ஸுக்கு ஆளில்லாம நிக்குது. நாளைக்கே கூட்டிட்டுப் போறேன்."

கோமதி என்னைப் பார்த்தாள். கல்யாணமாகிப் பதினோரு ஆண்டில் அப்படி ஒரு பார்வையை நான் வாங்கியதில்லை. அதில் ஒரு கேள்வி இருந்தது, ஓர் ஆசையும் இருந்தது... ‘நீங்களா?’

"நானேதான் மச்சான்."

யார் சொன்னது அதை? என் வாயா? அவ்வளவு எளிதாகவா வந்தது? வெளியே சல்லடைச் சத்தம் நின்றது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. சற்று நேரத்தில் சல்லடை மறுபடி ஓடியது. மச்சான் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

வேலை முடிந்ததும் வாசலில் நின்று, "போயிட்டு வாரேனுங்" என்றாள் பூங்கொடி. அவ்வளவுதான்.

அந்தத் தரை எனக்கு என்னவெல்லாம் கொடுத்தது தெரியுமா? கோமதி அதற்குப் பிறகு எனக்காக ஒரு கூட்டத்திலும் தலை குனிந்ததில்லை. "எங்கூட்டுக்காரரே போட்டதுங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். என் மகள் குப்புறப் படுத்துக் கன்னத்தை அதில் வைத்துக்கொண்டுதான் வீட்டுப்பாடம் எழுதுகிறாள். சொந்தக்காரர்கள் புது வீட்டுத் தரையைச் சோதிக்க என்னைக் கூப்பிடுகிறார்கள், ஐயா! நானும் சாவியால் தட்டி, முகத்தைக் கனமாக வைத்துக்கொண்டு, "அடியில கொஞ்சம் பொக்கு" என்கிறேன். வெட்கங்கெட்டவன்!

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கோமதி வீடு கழுவுகிறாள். தண்ணீர் வாசலைத் தேடிப் போகிறது. பின்னாலேயே நான் போய் நின்று, மனத்துக்குள் நன்றி சொல்கிறேன்... பூங்கொடிக்கு. என் குடும்பத்தில் எனக்கு ஓர் இடத்தைக் கல் கல்லாகப் போட்டுக் கொடுத்தவள் அவள். கடவுளுக்குக்கூட நான் இவ்வளவு தவறாமல் நன்றி சொன்னதில்லை. ஆனால் வாய்க்குள் முணுமுணுக்கிற நன்றி யாருடைய கையில் கரணையைக் கொடுக்கும்?

நீங்கள் கேட்பது காதில் விழுகிறது: உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதானே?

சொன்னேன்! போன ஆடி நோம்பிக்கு மச்சான் வீட்டில் இலை போட்டு உட்கார்ந்திருந்தோம். எழுந்து நின்றேன். தரையைப் போட்டது நானல்ல, பூங்கொடி என்கிற சித்தாள், நான் அவளுக்குக் கலவை சுமந்தேன், கன்னி மூலையில் மாட்டிக்கொண்டேன், அவள்தான் காப்பாற்றினாள்... ஒன்று விடாமல் சொன்னேன்.

வீடே அதிர்ந்தது. சிரிப்பில்!

"கெளப்பிட்டாரய்யா மாப்ள!" மச்சானுக்குப் புரையேறிவிட்டது. "சித்தாளு டைல்ஸ் ஒட்டுனாளாமா... இவரு சும்மாடு கட்டிட்டு நின்னாராமா!"

"சத்தியமா மச்சான்..."

சிரிப்பு இன்னும் ஏறியது. கோமதி கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "இவருக்கு எதுலதான் வெளையாட்டில்ல?"

இத்தனை வருடமாக நான் சொன்னதெல்லாம் வேடிக்கை. சொன்ன ஒரே உண்மையும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டது. அதுவரைக்கும்கூடப் பரவாயில்லை. மேலே ஒன்று உண்டு, அதைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை. மூன்றாவது முறை சொல்ல வாயைத் திறந்தவன்... நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டேன். ஏன் சிரித்தேன்? சத்தியம் செய்தும் நம்பாதவர்களை அவளிடமே அழைத்துப் போயிருக்கலாமே! கரணையைக் கொடுத்து, ‘போட்டுக் காட்டு’ என்று சொல்லியிருக்கலாமே! அவர்கள் நம்பாதபோது எனக்கு உள்ளே ஓர் ஓரத்தில் இதமாக இருந்ததா? இருந்தது. உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

போன வாரம் ராசிபுரம் சாலையில் புதிதாக எழும்பும் ஒரு கட்டடத்தின் முன்னால் வண்டியை நிறுத்தினேன். சும்மாட்டின் மேல் கலவைச் சட்டியோடு படிக்கட்டுப் பக்கம் வந்துகொண்டிருந்தாள் பூங்கொடி. மேல்மாடியில் டைல்ஸ் வேலை. ஒரு கொத்தனார் மேலிருந்து குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் படியின் குறுக்கே நின்று கடகடவென்று எல்லாவற்றையும் கொட்டினேன். அன்று ஹாலில் சொன்ன பொய், நான்கு வருட நன்றி, ஆடி நோம்பி, அவர்கள் சிரித்தது. நான் சிரித்ததையும் சொன்னேன்.

அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். முகத்தில் கோபமில்லை. வேறு எதுவும் இருந்ததாகவும் தெரியவில்லை.

"இன்னொரு தடவ சொல்லிப் பாக்கட்டுமா அம்மிணி? உங்கையிலயே கரணையக் குடுத்து, மச்சான் கண்ணு முன்னால..."

"தள்ளுங்ணா, கலவ இறுகுது."