காணாமல் போன நாலு வரிசை

சார்டீனியாவின் நடுமலையில் இருக்கும் எங்கள் ஊரில், போனாரியா அத்தையை ஏமாற்ற ஒருவராலும் முடியாது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். இருபத்திரண்டு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். கதவை மூடும் முன் பிள்ளைகளை இரண்டு முறை எண்ணுவாள். கடையில் வாங்கிய ஆட்டுப்பால் சீஸை வீட்டுக்கு வந்து மறுபடி எடை போடுவாள். என் அப்பாவின் அக்கா. போன ஜூனில் பள்ளி முடியும்வரை நானும் அவளிடம் எண்ணப்பட்டவள்தான்.

அப்படிப்பட்டவளின் தோட்டத்தில் செப்டம்பரில் நாலு வரிசைத் திராட்சை காணாமல் போனது. எஃபிசியோ மாமா இறந்தபின் அவளுக்கு மிஞ்சியது அந்த அரை ஏக்கர்தான். அறுவடை நாளில் போய்ப் பார்த்தால், ஓர நாலு வரிசையில் வெறும் இலைதான் இருந்தது. போலீஸ் வந்து ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனது.

"தாள்ல எழுதினா பழம் திரும்பி வந்துடுமா? ஒயின் ஆகட்டும். குடிச்சுப் பார்த்து நானே ஆளைப் பிடிக்கிறேன்," என்றாள் அத்தை.

அது வெறும் வீம்பில்லை. அந்த நாலு வரிசையில் சிவப்புக் கொடிகளுக்கு நடுநடுவே மாமா நட்ட வெள்ளைக் கொடிகள் உண்டு. ஊரில் வேறு யாரிடமும் இல்லாத ரகம். ஒயினில் ஆரஞ்சுத் தோல் வாசம் வரும்.

நவம்பரில், புனித மார்ட்டின் திருநாளன்று, வீட்டுக்கு வீடு நிலவறையைத் திறந்து புது ஒயின் ஊற்றுவார்கள். ஊற்றியதைக் குடிக்காமல் கிளாஸைக் கீழே வைத்தால் அந்த வீட்டோடு உறவு முறிந்தது என்று அர்த்தம். பேரப்பிள்ளைகள்வரை பேச்சு இருக்காது.

அன்று காலையிலேயே அத்தை என்னை இழுத்துக்கொண்டு கிளம்பினாள். முதலில் கோசிமோ வீடு. ஒரு வாய் குடித்துவிட்டு நாக்கைச் சப்பினாள்.

"எப்படிக்கா இருக்கு?" என்றார் கோசிமோ.

"உன் பழம்தான்."

"பின்ன யார் பழமாம்?"

"அதைத்தான் பார்க்க வந்தேன்," என்று மிச்சத்தையும் குடித்து முடித்தாள்.

ஒன்பது வீடு இப்படியே முடிந்தது. பத்தாவது, பக்கீசியோ வீடு. அவர் தோட்டத்துக்கும் அத்தை தோட்டத்துக்கும் நடுவில் வேலி இல்லை, ஒரு எல்லைக்கல் மட்டும். மாமா போனபின் கொடி கழித்துக் கொடுப்பவர் அவர்தான். அவர் அறுவடைக்கு அத்தை போவாள், அத்தை அறுவடைக்கு அவர் வருவார், கூலி கிடையாது. ஊரில் அவள் சந்தேகப்படாத ஒரே ஆள்.

கிளாஸை மூக்கருகே கொண்டுபோனவள் அப்படியே நின்றாள். நானும் என் கிளாஸை மோந்து பார்த்தேன். ஆரஞ்சுத் தோல்.

"நீயா பக்கீசியோ?" அவள் கை, கிளாஸோடு மேசையை நோக்கி இறங்கியது.

"வைக்காதே போனாரியா! உன் பழம்தான், இல்லேங்கல. அறுத்தது யாரு தெரியுமா?"

"சொல்லு, கையை ஒடிக்கிறேன்."

"நீதான்."

கிளாஸ் மேசைக்கு ஒரு விரல் மேலே நின்றது.

"என் அறுவடைல நீதானே கடைசி வரிசை? மேல் வரிசைல கோசிமோ எத்தனை பழத்தை வாயில போடுறான்னே பார்த்துக்கிட்டு அறுத்தே. எல்லைக்கல்லைப் புல்லு மூடியிருந்துச்சு. அதைத் தாண்டி உன் தோட்டத்துல நாலு வரிசை அறுத்துட்டே. தொட்டியில கொட்டப் போறப்பதான் வெள்ளைக் குலையைப் பார்த்தேன். அந்தப் பெட்டியை எல்லாம் தனித் தொட்டியில போட்டேன்."

அத்தையின் வலது கை, கத்திரி பிடித்ததுபோல் இரண்டு முறை அசைந்தது. முப்பது வருடமாகத் தொட்டுப் பழகிய கொடி. வெள்ளைக் குலை கைக்கு வந்தும் அன்று அவளுக்கு வித்தியாசமாகப் படவில்லை.

"ரெண்டு மாசமா ஏன் சொல்லல?"

"மறுநாள் உன் அறுவடை, விடிஞ்சதும் போலீசைக் கூட்டிட்டு வந்துட்டே. அப்புறம் சொன்னா, திருடிட்டுக் கதை கட்டுறான்னு நீயே சொல்லியிருப்பே."

"சொல்லியிருப்பேன்."

"அதான் இன்னைக்கு வேணும்னே அதையே ஊத்தினேன். பீப்பாய் அதோ. தூக்கிட்டுப் போ."

அத்தை அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு ஒரே மூச்சில் குடித்துக் காலிக் கிளாஸை மேசையில் வைத்தாள். பக்கீசியோ நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

அவள் பீப்பாய்ப் பக்கம் போய்க் குனிந்தாள். கீழிருந்து மேலாக விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்தாள். மேலே ஒரு சாண் உயரத்துக்குக் காலிச் சத்தம் கேட்டது.

"நாலு வரிசைக்கு இது குறைச்சலா இருக்கே?"

"ஐயோ, சாமி! தினம் ஒரு கிளாஸ் குடிச்சேன். நல்லாருந்துச்சு!"

"அப்படிச் சொல்லு," என்று அத்தை முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இன்னொன்னு ஊத்து."