முகத்தை வெளுக்காத ஃபிளாஷ்

என் பழைய ஃபிளாஷ் ஒரு வளைகாப்பில் உயிரை விட்டது. வளையல் அடுக்கிய கைகளை எடுக்கப் போகும்போது டப்பென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். எல்லோரையும் ஜன்னலோரம் நகர்த்தி நகர்த்தி மிச்சத்தை எடுத்து ஒப்பேற்றினேன். அடுத்து ஒப்புக்கொண்டிருந்தது கல்வராயன் மலையில் ஒரு கல்யாணம். அதற்குள் புதிய ஃபிளாஷ் வாங்கியாக வேண்டும்.

கல்யாணப் பெண் மலைக்காரி. கள்ளக்குறிச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. என்னிடம் பேசி முடிக்க வந்த அன்று தன் அக்காவின் கல்யாண ஆல்பத்தையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். பிரித்துப் பார்த்தேன். கழுத்தும் கையும் நல்ல கருப்பு. முகம் மட்டும் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது.

“எங்கக்கா இத ஒரு நாளும் எடுத்துப் பாக்கறதில்லிங்க. பொட்டிக்கு அடியில போட்டு வச்சிருக்குது. என்ன இப்டி ஆக்கிடாதீங்கக்கா. நான் இன்னா கலரோ அதே கலர்ல வரணும்.”

எங்கள் பக்கத்தில் இப்படிக் கேட்டவளை நான் பார்த்ததில்லை. இங்கே கல்யாணப் போட்டோ என்றால் முகம் வெளுத்தே ஆகவேண்டும். ஃபிளாஷை நேராக மூஞ்சியில் அடிப்பார்கள். போதாதென்று கம்ப்யூட்டரில் இன்னும் கொஞ்சம் வெளுப்பார்கள். நானும் கருப்புதான். என் கல்யாண ஆல்பத்தில் யாரோ ஒரு வெள்ளைக்காரி என் புருஷனுக்கு மாலை போட்டுக்கொண்டிருக்கிறாள். அந்தப் பெண் கேட்டதும் எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

கேமராக் கடைக்குப் போனேன். கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது ஒரு பெரிய ஃபிளாஷ். “பவர் ஜாஸ்தி மேடம். முகம் சும்மா பளிச்சுன்னு வரும்.”

அவரையே நிற்க வைத்து ஒன்று எடுத்துக் காட்டினேன். நெற்றி எவர்சில்வர் தட்டாக மின்னியது. அவருக்குப் பரம திருப்தி.

“வூட்ல உங்கள அடையாளம் தெரியுமாங்க?” என்றேன்.

அந்த ஃபிளாஷின் தலை மேலே மட்டும்தான் நிமிரும். பக்கவாட்டில் திரும்பாது. எவ்வளவு குறைத்தாலும் கிட்டத்தில் நிற்பவரைக் கண்கூச வைத்தது. எனக்கு வேண்டியது வெளிச்சத்தைக் கூரையிலோ சுவரிலோ அடித்து, அங்கிருந்து மெதுவாக முகத்துக்குத் திருப்பி அனுப்புகிற ஒன்று. கடைசியில், பின்பக்கம் வரை தலை திரும்புகிற, வெளிச்சத்தைத் துளித்துளியாகக் குறைக்க முடிகிற ஒரு சின்ன ஃபிளாஷைக் கையில் எடுத்தேன்.

“அது சின்னது மேடம். எம்.எல்.ஏ. வூட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் பத்தாது.”

“என்ன எந்த எம்.எல்.ஏ.வும் கூப்டலிங்க.”

வீட்டில் வைத்துச் சோதித்தேன். தலையைக் கூரைக்குத் திருப்பி என் புருஷனை எடுத்தால் அவர் அவராகவே வந்தார். அந்தத் தெம்பில் மலைக்குப் பஸ் ஏறினேன்.

வீட்டு வாசலில் பந்தல். தூறல் விழுந்துகொண்டிருந்ததால் மேலே தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். நல்ல நீலத் தார்ப்பாய். ஃபிளாஷை மேலே திருப்பி மணப்பெண்ணை ஒன்று எடுத்தேன். மஞ்சள் பூசிய முகம் நீலம் பாரித்துக் கிடந்தது. பாம்பு கடித்தவள் கூட அவ்வளவு நீலமாக இருக்க மாட்டாள். நேராக அடித்தேன். அக்கா ஆல்பத்துச் சுண்ணாம்பு வந்தது. சுற்றிப் பார்த்தால் சுவரும் தூரத்தில்தான். வெள்ளைக் கூரை உள்ள வீட்டில் சோதித்துவிட்டு வந்த என் புத்தியை நானே திட்டிக்கொண்டேன்.

சீர்த்தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த மணப்பெண்ணின் அக்கா, என் முழியைப் பார்த்துக் கிட்டே வந்தாள். “இன்னா ஆச்சுங்க?”

சொன்னேன்.

“அப்ப மேல வெள்ளையா ஒண்ணு இருந்தா போதுமா?”

நான் தலையாட்டுவதற்குள் சீர்த்தட்டிலிருந்து மாப்பிள்ளை வேட்டியை எடுத்து உதறிவிட்டாள். மாப்பிள்ளையின் மாமா பதறிப்போய் வந்தார்.

“மாப்பிள்ளைக்கு வச்ச வேட்டிய இன்னாத்துக்கும்மா கூரையில கட்டற?”

“முடிஞ்சதும் எறக்கிக் குடுத்துடறோம் மாமா. நீங்கதான் ஒசரம், கொஞ்சம் கட்டுங்க.”

முணுமுணுத்துக்கொண்டே அவர்தான் நான்கு மூலையையும் இழுத்துக் கட்டினார். தாலி ஏறியபோது வெளிச்சம் அந்த வேட்டியில் பட்டு இறங்கியது. நான் எடுத்துக்கொண்டே இருந்தேன்.

சடங்கெல்லாம் முடிந்ததும் மணப்பெண் கேமராவைக் கேட்டு வாங்கினாள். படத்தைப் பெரிதாக்கித் தன் முகத்தை அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். கருப்பு கருப்பாகவே இருந்தது. அதன் மேல் மஞ்சளின் மினுக்கம், மூக்குத்திக்குக் கீழே ஒரு சின்ன நிழல். என் வேலையைப் பார்த்து எனக்கே கண் கலங்கிய நாட்கள் அதிகமில்லை, அது ஒன்று. அவள் அக்காவைக் கூப்பிட்டுக் கேமராவை நீட்டினாள்.

அக்கா முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு வாங்கினாள். வெகுநேரம் பார்த்தாள். மாமா அதற்குள் வேட்டியை அவிழ்க்கப் போயிருந்தார்.

“இருங்க மாமா,” என்றாள். பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த தன் புருஷனைக் கையைப் பிடித்து இழுத்து வந்து வேட்டிக்குக் கீழே நிறுத்தினாள். அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, பக்கத்தில் ஒட்டி நின்று என்னை நேராகப் பார்த்தாள்.

“எங்களையும் எடுங்கக்கா. செவுத்துல மாட்டற சைசுல.”