பதினொரு தொலைபேசி அழைப்புகள்

சிஞ்ஞோரா ஹேசலுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது 2007 ஜூன் மாதத்தின் மூன்றாவது வாரத்தில். வேறு எந்த வாரமாக இருந்தாலும் இஞ்சித் தண்ணீரைக் குடித்துவிட்டுப் பேசாமல் படுத்திருப்பார். அந்த வாரம் அவருக்குக் குரல் வேண்டியிருந்தது.

இத்தாலியின் பலெர்மோ நகரில், லிபெர்த்தா வீதியில் நான்காம் மாடியில் இருந்த அந்த வீட்டில் இராசேஸ்வரி ஏழு வருடமாக வேலை செய்துகொண்டிருந்தாள். சமைப்பது, துடைப்பது, மருந்து கொடுப்பது, கை நடுங்கும் சிஞ்ஞோராவைக் குளிப்பாட்டி உடுப்பு மாற்றிவிடுவது. இத்தாலியர் அம்மாமாரைக் கூப்பிடுவது போல சிஞ்ஞோரா என்று கூப்பிட்டாலும், அவர் அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் பிறந்தவர். பலெர்மோக்காரரான கப்பல் பொறியியலாளர் ஒருவரைக் கலியாணம் செய்து இங்கே வந்தவர், அவர் செத்த பிறகும் திரும்பிப் போகவில்லை. ஆனால் மனம் முழுக்க அமெரிக்காவில்தான். ஒரு தேர்தலையும் விட்டதில்லை. வாக்குச்சீட்டு தபாலில் வரும், தபாலிலேயே போகும். வரி கூடக்கூடாது, அரசாங்கம் வீட்டுக்குள் மூக்கை நுழைக்கக்கூடாது, பிள்ளைகள் செபம் சொல்லி வளரவேண்டும் என்பார். அவரைப் போலவே பலெர்மோவில் ஓய்வுக்காலத்தைக் கழித்த நாலைந்து வயதான அமெரிக்கர்கள் வெள்ளிக்கிழமைதோறும் அந்தச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து செனட்டர்களுக்குக் கடிதம் எழுதுவார்கள். இராசேஸ்வரி கோப்பி வைப்பாள், முத்திரை ஒட்டுவாள், கடிதக் கட்டைத் தபால் கந்தோருக்குக் கொண்டுபோவாள். சீட்டு விளையாடுவதைப் போல இது அவர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு என்றுதான் நினைத்திருந்தாள்.

அந்தப் புதன்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, வாஷிங்டனில் கந்தோர்கள் திறக்கும் நேரத்தில், சிஞ்ஞோரா அவளைக் கூப்பிட்டார். கையில் ஒரு பட்டியல். அங்கே ஒரு சட்டம் வரப்போகிறது, எந்தப் பக்கம் கை தூக்குவது என்று முடிவு செய்யாத பதினொரு செனட்டர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு இன்றைக்கே சொல்லியாகவேண்டும் என்று கிசுகிசுத்த குரலில் இத்தாலியனில் சொன்னார். தன்னால் முடியாது. இராசேஸ்வரிதான் பேசவேண்டும்.

"எனக்கு இங்கிலீசு தெரியாது, சிஞ்ஞோரா."

"மூன்றே வசனம்தான்."

மூன்று வசனங்களையும் இத்தாலிய உச்சரிப்புக்கு ஏற்ற மாதிரிப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தார். இராசேஸ்வரி இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். பிறகு எண்களை அழுத்தினாள். "மை நேம் இஸ் ஹேசல். ஐ வோட் இன் ஒஹாயோ. நோ அம்னெஸ்டி." மறுபக்கத்தில் யாரோ நன்றி சொன்னார்கள். பதினொரு தடவை. கடைசி நாலைந்துக்குத் தாளைப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. சிஞ்ஞோரா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஒரு கோடு போட்டுக்கொண்டு வந்தார்.

முடிந்ததும் இராசேஸ்வரி சும்மா பேச்சுக்குக் கேட்டாள். இத்தாலியனில் அம்னிஸ்தியா என்றால் மறியல்வீட்டில் இருப்பவர்களுக்குக் கொடுக்கும் மன்னிப்பு என்று அவளுக்குத் தெரியும். "உங்கட நாட்டிலை ஆரை வெளியிலை விடப்போறாங்கள்? கள்ளரையோ?"

"கள்ளரா? இல்லையில்லை," என்றார் சிஞ்ஞோரா. சரியான சொல்லைத் தேடினார். "இங்கே நீங்கள் என்ன சொல்வீர்கள்... சனத்தோரியா."

இராசேஸ்வரி வாங்குப் பலகையில் சாய்ந்துகொண்டாள்.

சனத்தோரியா என்றால் என்னவென்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காகிதம் இல்லாமல் வந்தவர்களுக்கு அரசாங்கம் எப்போதாவது ஒரு தடவை கதவைத் திறந்து காகிதம் கொடுப்பதுதான் அது. அவளும் புருசன் தவராசாவும் காட்டுவழியாக எல்லையைக் கடந்து வந்தவர்கள். மூன்று வருடம் பொலிஸ் வாகனத்தைக் கண்டால் தெருவை மாற்றி நடந்திருக்கிறாள். 2002இல் வீட்டுவேலை செய்பவர்களுக்குச் சனத்தோரியா வந்தபோது, அவளுக்காகத் தபால் கந்தோர் வரிசையில் நின்று படிவத்தில் கையெழுத்துப் போட்டவர் இதே சிஞ்ஞோராதான். பெர்மெஸ்ஸோ என்ற அந்த வதிவிட அனுமதி கைக்கு வந்த அன்று இருவரும் சேர்ந்து கேக் சாப்பிட்டார்கள்.

"சிஞ்ஞோரா, நானும் அப்பிடித்தானே வந்தனான். நீங்கள்தானே எனக்கு எடுத்துத் தந்தனீங்கள்."

"அது இத்தாலி. இத்தாலி கேட்டது, நான் கையெழுத்துப் போட்டேன். இது என் நாடு." குரல் இல்லாததால் அது ஒரு இரகசியம் சொல்வது போலிருந்தது. "உன்னை எனக்குத் தெரியும். நீ வேறு."

இராசேஸ்வரி எழுந்து சமையலறைக்குப் போனாள். வெட்டிக்கொண்டிருந்த கத்தரிக்காயை எத்தனையாவது முறையாகக் கழுவுகிறோம் என்று தெரியாமல் கழுவிக்கொண்டு நின்றாள். அந்த மூன்றாவது வசனம் வாய்க்குள் இன்னும் இருந்தது. கோபம்கூட வரவில்லை. தன்னுடைய நாக்கு தன்னைக் கேட்காமல் எதையோ செய்துவிட்டது போன்ற ஒரு திகைப்பு.

ஒரேத்தோப் பகுதியில் இருந்த தன் வீட்டுக்கு வந்து தவராசாவிடம் சொன்னாள். அவன் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே கேட்டான். "அது அவையளின்ரை நாட்டுப் பிரச்சினை. உனக்கென்ன?"

"என்ரை வாயாலை சொன்னனான், அப்பா. பதினொரு தரம்."

"சொன்னால்? ஒரு கிழவி ரெலிபோன் எடுத்து ஒரு நாட்டின்ரை சட்டம் மாறுமே? விடு."

அடுத்த நாள் வியாழன், அவளுக்கு அரைநாள் விடுமுறை. மேசையைத் துடைக்கும்போது எடுத்து வைத்த பட்டியல் அவளுடைய ஏப்ரன் பையிலேயே கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு, மக்வேதா வீதியில் வெளிநாட்டுக்குப் பேசும் ரெலிபோன் கடைக்குப் போனாள். அங்கே அடிக்கடி காணும் ஷப்னம் இருந்தாள். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் தமிழ்நாட்டுப் பெண், வீட்டுக்குப் பேசிவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தாள். இராசேஸ்வரி அவளை மறித்து விசயத்தைச் சொன்னாள்.

ஷப்னம் பட்டியலை வாங்கிப் பார்த்தாள். "அக்கா, அவங்க இதையெல்லாம் ஞாபகம் வச்சிருக்க மாட்டாங்க. எண்ணிக்கையில ஒண்ணு, அவ்வளவுதான்."

"அந்த எண்ணிக்கையிலைதான் நான் நிக்கிறன், பிள்ளை. அதைக் குறைக்கச் சொல்லி எழுதித் தாங்கோ."

"சரி, நானே பேசட்டுமா?"

"இல்லை. சொன்னது நான்."

ஷப்னம் தமிழ் எழுத்திலேயே எழுதிக்கொடுத்தாள். நேற்று ஹேசல் என்ற பெயரில் பேசியது நான், நான் அமெரிக்கப் பிரஜை இல்லை, தயவுசெய்து அந்த அழைப்பை எடுத்துவிடுங்கள் என்பதுதான் அதன் பொருள். கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று இராசேஸ்வரி ஒவ்வொரு எண்ணாக அழுத்தினாள். நாலு இடத்தில் இயந்திரம் பேசியது, இயந்திரத்திடமும் சொன்னாள். ஆறு இடத்தில் கேட்டுவிட்டு நன்றி சொன்னார்கள். ஒரு இளைஞன் மட்டும் ஏதோ திருப்பிக் கேட்டான். அவள் கதவைத் திறந்து, வெளியே நின்ற ஷப்னத்தின் காதில் ரிசீவரை வைத்தாள். "உங்களுக்கு ஏதாவது பிரச்சினையான்னு கேக்கறான்," என்றாள் ஷப்னம். இராசேஸ்வரி ரிசீவரைத் திரும்ப வாங்கினாள். தாங்க் யூ சொல்லி வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் சிஞ்ஞோராவின் கோப்பியை வைத்துவிட்டு நின்றபடியே சொன்னாள். "நேற்று அந்தப் பதினொரு பேருக்கும் திரும்ப எடுத்தனான். கதைச்சது நீங்கள் இல்லை, நான் எண்டு சொல்லிப்போட்டன்."

சிஞ்ஞோரா அவள் சொன்னதை முதலில் நம்பவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னார். பிறகு கோப்பியைத் தள்ளிவைத்தார்.

"என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டாய்."

"பொய் நான்தான் சொன்னனான், சிஞ்ஞோரா. நீங்கள் எழுதித் தந்தனீங்கள்."

"ஐம்பத்தேழு வருடமாக வாக்குப் போடுகிறேன். இந்தத் தூரத்தில் அந்த நாட்டில் எனக்கு மிஞ்சியிருப்பது என் பெயர் மட்டும்தான். அதில் கை வைத்துவிட்டாய்."

வேலை போய்விட்டது என்றே இராசேஸ்வரி நினைத்தாள். ஏப்ரனின் முடிச்சை அவிழ்த்தாள். சிஞ்ஞோரா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கடைசியில், "குளிக்கத் தண்ணீர் வை," என்றார். அன்றைய கூட்டத்தைத் தொண்டையைச் சொல்லி நிறுத்திவிட்டார். மூன்று நாள் அவளோடு பேசவில்லை. கையை நீட்டுவார், அவள் சட்டையைப் போட்டுவிடுவாள்.

திங்கட்கிழமை குரல் திரும்பியது. நடுங்கும் விரல் வழுக்குகிறதென்று பென்சிலின் அடிப்பக்கத்தால் எண்களை அழுத்தி, பதினொரு பேருக்கும் தானே பேசினார். இராசேஸ்வரி பருப்பு அவித்துக்கொண்டு உள்ளே நின்று எல்லாவற்றையும் கேட்டாள்.

வியாழக்கிழமை அந்தச் சட்டம் செனட்டில் விழுந்தது. வெள்ளிக்கிழமை வழக்கமான ஆட்கள் வந்தார்கள். எண்பத்திரண்டு வயது வால்டர், கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இரண்டு போத்தல் ஸ்புமாந்தே வைன் கொண்டுவந்திருந்தார். கிண்ணங்களை வைத்த இராசேஸ்வரிக்கு அவர் சந்தோசமாக இத்தாலியனில் விளக்கினார். "நாடு முழுக்கக் கூப்பிட்டார்கள். செனட்டின் ரெலிபோன் இணைப்பே திணறிப்போய்விட்டது. பயந்துதான் பல பேர் பக்கம் மாறினார்கள். பன்னிரண்டு மில்லியன் பேருக்குக் காகிதம் கிடைத்திருக்கும். நாங்கள் தடுத்துவிட்டோம்."

ரெலிபோனால் ஒரு சட்டம் விழும். தவராசா சொன்னது பிழை. அவள் இத்தனை வருடம் நினைத்திருந்ததும் பிழை. அந்த மேசையில் அவள் முத்திரை ஒட்டியதெல்லாம் எங்கெங்கே போய் என்னென்ன செய்ததோ. இராசேஸ்வரி அருகில் இருந்த கதிரையில் உட்கார்ந்தாள். விருந்தாளிகள் இருக்கும்போது அவள் அந்த அறையில் உட்கார்ந்ததே இல்லை. வால்டர் சிஞ்ஞோராவைப் பார்த்தார். சிஞ்ஞோரா தன் முன்னால் இருந்த தண்ணீர்க் கிளாஸை மெல்ல அவள் பக்கம் தள்ளினார். அது பாதி சிந்தியது.

அதற்குப் பிறகும் இரண்டு வருடம் அவள் அங்கே வேலை செய்தாள். கடிதக் கட்டுகளை வால்டர் கொண்டுபோனார். அந்த விசயத்தை இருவரும் வாயால் எடுக்கவில்லை. 2009 வசந்தத்தில், நடக்க முடியாத நிலையில், சிஞ்ஞோராவை மகன் வந்து ஒஹாயோவுக்குக் கூட்டிக்கொண்டு போனான். விமான நிலையத்தில் சிஞ்ஞோரா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு மருந்துக் குளிசைகள் எந்தப் பையில் இருக்கின்றன என்று மூன்று தடவை கேட்டார்.

செப்டெம்பரில் ஒரு தபாலட்டை வந்தது. கோணல்மாணலான எழுத்தில் இத்தாலியன். "இங்கே என்னைக் குளிப்பாட்ட ஹொண்டூராஸ் நாட்டுப் பெண் ஒருத்தி வருகிறாள். அவளுடைய கை குளிர்ந்திருக்கிறது. காகிதம் இருக்கிறதா என்று நான் அவளிடம் கேட்கவில்லை."

இராசேஸ்வரி படிக்கட்டிலேயே நின்று அதை இரண்டாம் தடவை வாசித்தாள். மேலே இருந்து தவராசா எட்டிப் பார்த்தான்.

"ஆரிட்டையிருந்து? என்னவாம்?"

"சிஞ்ஞோரா," என்றாள். மேலே ஏறத் தொடங்கியவள் மறுபடியும் நின்றாள். "சுகமாய் இருக்கிறாவாம்."