கொடுமுடிக் காவிரியில் ஐந்நூறு மீட்டர்

முதல் டிரையத்லானுக்குப் பெயர் கொடுத்திருக்கும் ஒரு வாசகி, ஆற்றில் நீந்த வேண்டும் என்றதும் தூக்கம் போய்விட்டது என்று போன வாரம் எழுதியிருந்தார். பதில் எழுத உட்கார்ந்தேன், கடிதம் நீண்டுகொண்டே போனது. சரி, எல்லாருக்குமாக இங்கேயே எழுதிவிடலாம் என்று பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். நேரங்கள், தூரங்கள் எல்லாம் அதில் உள்ளபடிதான்.

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு மார்கழி மாதம் நடந்தது இது. அப்போது பீளமேட்டில் பம்ப்செட் செய்யும் ஒரு கம்பெனியில் டிராயிங் செக்ஷனில் இருந்தேன். மாசியில் சென்னையில் ஒரு பெரிய டிரையத்லான் இருந்தது. கடலில் ஒன்றரைக் கிலோமீட்டர் நீச்சல், நாற்பது கிலோமீட்டர் சைக்கிள், பத்து கிலோமீட்டர் ஓட்டம். அதற்காக ஏழு மாதமாகப் பயிற்சி செய்துகொண்டிருந்தேன். ஆனால் நுழைவுக்கு ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள். அதில் மூன்றில் ஒரு பங்கு தூரமாவது உள்ள ஒரு போட்டியை இரண்டு மணி நேரத்துக்குள் முடித்ததாகக் கடிதம் வேண்டும். எங்கள் பக்கம் அப்படி ஒரே ஒரு போட்டிதான் இருந்தது. ஓய்வு பெற்ற உடற்பயிற்சி ஆசிரியர் பழனிச்சாமி சார் கொடுமுடியில் நடத்தியது. காவிரியில் ஐந்நூறு மீட்டர், சைக்கிளில் இருபது, ஓட்டம் ஐந்து. அதை விட்டால் அடுத்த வருடம்தான்.

ஓட்டமும் சைக்கிளும் எனக்குக் கவலையில்லை. நீச்சலில்தான் ஒரு சங்கடம். கோவையில் எனக்குத் தெரிந்த குளத்தில் பெண்களுக்கு வார நாட்களில் மதியம் மூன்று முதல் நான்கு வரை மட்டும். அந்த நேரத்தில் நான் டிராயிங் போர்டின் முன்னால் நிற்பேன். அதனால் ஞாயிறுதோறும் பல்லடத்துக்குப் பக்கத்தில் மாமாவின் தோட்டத்துக் கிணற்றில் நீந்தினேன். நாற்பதடிச் சதுரக் கிணறு. சுவரை வலது பக்கம் வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி நீந்த வேண்டியதுதான். பதினான்கு சுற்று போனால் ஐந்நூறு மீட்டர். மேலே உட்கார்ந்து சுற்றை எண்ணியவள் என்னோடு வேலை செய்த நூர்ஜஹான். கோட்டைமேட்டுக்காரி. நீச்சல் தெரியாது, ஆனால் எண்ணிக்கையில் ஒரு சுற்றுகூட விடமாட்டாள். "பொட்டப்புள்ள கிணத்துல குதிச்சுக்கிட்டு" என்கிற அர்த்தத்தில் அம்மா தெலுங்கில் திட்டும்போதெல்லாம், "நான் கூடவே இருக்கறனுங்க அம்மா" என்று சமாதானம் சொல்வதும் அவள்தான்.

சனிக்கிழமை மதியம் ஒன்றேகாலுக்குக் கோவையில் பாசஞ்சர் ஏறினோம். சைக்கிளை லக்கேஜ் வண்டியில் போட்டோம். ஆளுக்கு ஆன டிக்கெட்டைவிட அதற்குத்தான் கூலி அதிகம். நாலேகாலுக்கு ஈரோடு. அங்கே வண்டி மாறி, கொடுமுடியில் இறங்கும்போது மணி ஆறு பத்து. கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் அறுபது ரூபாய்க்கு அறை. இருட்டு முழுதாக இறங்குவதற்குள் படித்துறைக்குப் போய் ஆற்றைப் பார்த்தோம். பார்க்காமலே இருந்திருக்கலாம். கிணற்றுத் தண்ணீர் நாம் இறங்கினால்தான் அசையும். இது தன்பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது.

"பயமா இருக்கா சுசீலா?" என்றாள் நூர்ஜஹான்.

"இருக்கு. ஆனா இவ்வளவு தூரம் வந்துபோட்டு என்ன பண்றது?"

மறுநாள் காலை ஏழு மணி. இருபத்து மூன்று பேர், பெண் நான் ஒருத்தி. பழனிச்சாமி சார் விதிகளைச் சொன்னார். மேல் படித்துறையில் இறங்கி, கரையை வலது பக்கம் வைத்துக்கொண்டு ஆற்றின் போக்கிலேயே நீந்தி, சிவப்புக் கொடி நட்ட கீழ்ப் படித்துறையில் ஏற வேண்டும். துணைக்கு மூன்று பரிசல் வரும். பரிசலைத் தொட்டால் போட்டியிலிருந்து வெளியே.

விசில் ஊதியதும் குதித்தேன். குளிர் ஊசிபோல் குத்தியது. இருநூறு கைவீச்சு எண்ணும்வரை எல்லாம் சரியாகப் போவதாகத்தான் நினைத்தேன். பிறகு தலையைத் தூக்கினால் பக்கத்தில் ஒருவரும் இல்லை. எல்லாத் தலைகளும் வலது பக்கம் தூரத்தில் கரையை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தன. நான் நடு ஆற்றில் இருந்தேன்.

ஏழு மாதம் இடது பக்கமாகவே திரும்பித் திரும்பி நீந்திய உடம்பு. நேராகப் போகிறேன் என்று நான் நம்பிக்கொண்டிருக்க, அது தன் பழக்கத்துக்கு வளைந்துகொண்டே போயிருக்கிறது. நடு ஆற்றில் இழுப்பு வேறு. கொடி எனக்குப் பின்னால் போய்விட்டது.

ஒரு பரிசல் வேகமாக வந்தது. பரிசல்காரர் பெயர் மாரப்பன் என்று பிறகு தெரிந்துகொண்டேன். துடுப்பை நீட்டினார்.

"அம்மணி, புடிச்சுக்கோங்க!"

"வேண்டாங்க! தொட்டா போச்சுங்க!"

"ஏனுங்க, உசுரு போனாப் பரவால்லீங்களா?"

"பக்கத்துலயே வாங்க, போதும்!"

எதிர்நீச்சல் போட எனக்குத் தெரியாது. ஆகவே கொடியை மறந்துவிட்டு, கரையை மட்டும் பார்த்துக் குறுக்கே நீந்தினேன். மூச்சு முட்டியது. இரண்டு முறை தண்ணீர் குடித்தேன். துடுப்பு ஒரு முழத் தூரத்தில் கூடவே வந்தது. கையை நீட்டினால் போதும். நீட்டவில்லை. கால் தரையில் பட்டபோது கொடிக்கு இருநூற்றைம்பது மீட்டர் கீழே ஒரு புதருக்குள் இருந்தேன்.

கொடி வழியாக ஏறினால்தான் கணக்கு. வெறுங்காலோடு கரையில் திரும்பி ஓடினேன். பாதி வழியில் சீமைக் கருவேல முள் இடது குதிகாலில் இறங்கியது. நொண்டிக்கொண்டே போய், படித்துறைத் தண்ணீரில் இறங்கி, கொடியைத் தாண்டி ஏறினேன். பன்னிரண்டு நிமிடம் என்று போட்ட கணக்கு இருபத்தேழு ஆகியிருந்தது. மற்ற சைக்கிள்கள் எல்லாம் போய்விட்டன.

நூர்ஜஹான் ஓடி வந்தாள். என்னை உட்கார வைத்து, முந்தானையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி முள்ளைக் கிளறினாள். பாதிதான் வந்தது. "மீதி உள்ள இருக்கு. போறியா, இருக்கியா?" என்றாள்.

"போறேன்."

ஷூவை மாட்டிக் கிளம்பும்போது இருபத்தொன்பது நிமிடம்.

சிவகிரி ரோட்டில் பத்துக் கிலோமீட்டர் போய்த் திரும்ப வேண்டும். வியாழக்கிழமைதான் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடியிருந்தேன். பெரிய போட்டிக்கான பயிற்சியை இந்தச் சின்னதுக்காக நிறுத்தக்கூடாது என்று எனக்கு நானே போட்ட சட்டம். அந்தக் களைப்பு தொடையில் இருந்தது. போகும்போது எதிர்க்காற்று. மஞ்சள் காடு, கரும்புக் காடு என்று இரண்டு பக்கமும் பச்சையாக இருந்ததாக நினைவு. முன்சக்கரத்தைத் தவிர வேறெதையும் நான் சரியாகப் பார்க்கவில்லை. திரும்பும்போது மூன்று பேரைத் தாண்டினேன். ஐம்பது நிமிடம்.

ஐந்து கிலோமீட்டர் ஓட நாற்பத்தொரு நிமிடம் மிச்சம் இருந்தது. சாதாரண நாளில் நிதானமாகவே முப்பத்தொன்றில் முடிப்பேன். ஆனால் குதிகாலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. நுனிக்காலில் ஓடினேன், கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது, நடந்தேன், மறுபடி ஓடினேன். நான்காவது கிலோமீட்டரில் கரும்பு ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று முன்னால் போனது. வண்டிக்காரர் திரும்பிப் பார்த்து, "ஏறிக்கறீங்களாம்மா?" என்றார். இன்று ஒரே நாளில் எத்தனை பேர் என்னைத் தூக்கிவிடத் தயாராக இருக்கிறார்கள் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். சிரித்ததில் கொஞ்சம் தெம்பு வந்தது. வண்டியைத் தாண்டி ஓடினேன்.

ஒரு மணி ஐம்பத்தேழு நிமிடம் இருபது விநாடி. நூர்ஜஹான் கடிகாரத்தைப் பழனிச்சாமி சார் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றாள்.

அவர் அங்கேயே கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். கொடுக்கும்போது மெதுவாகச் சொன்னார்: "நேரத்துல முடிச்சுப்போட்டீங்க, அதுல மாத்துப் பேச்சு இல்லீங்க. ஆனா கடல்ல இப்படி எடதுபக்கம் போனா எங்க போய்ச் சேருவீங்க?"

எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது சரி என்பதால்தான் அவ்வளவு கோபம். சாப்பிட்டுவிட்டு லாட்ஜில் படுத்தேன், தூக்கம் வரவில்லை. எழுந்து உட்கார்ந்து, கிணற்றில் நான் எப்படி நீந்தினேன் என்று கையை ஆட்டிப் பார்த்தேன். சுவரில் மோதாமல் இருக்க வலது பக்கமே முகத்தைத் திருப்பி மூச்சு விட்டிருக்கிறேன். முன்னால் பார்த்ததே இல்லை. கிணற்றில் முன்னால் பார்க்க என்ன இருக்கிறது?

மூன்று மணிக்கு மறுபடி படித்துறைக்குப் போனோம். மாரப்பன் பரிசலைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவ நீந்தணுங்க. கூட வர முடியுங்களா?"

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "காலைல நான் வரலீன்னா நேராக் கரூர்ல போய்த்தான் எந்திரிச்சிருப்பீங்க. மறுபடியுமா?"

"அதுக்குத்தானுங்க."

முதல் முயற்சியில் மூன்றாவது நிமிடமே இடது பக்கம் இழுத்தது. கரையேறித் திரும்பி நடந்தேன், இந்த முறை செருப்போடு. கீழ்ப் படித்துறையில் நூர்ஜஹானை மஞ்சள் துண்டைத் தூக்கிப் பிடித்து நிற்கச் சொன்னேன். இரண்டாவது முறை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி மூச்சு விட்டேன். பத்துக் கைக்கு ஒருமுறை தலையைத் தூக்கி மஞ்சளைத் தேடினேன். இரண்டு இடத்தில் விலகி, இரண்டு இடத்திலும் நானே சரிசெய்துகொண்டேன். கை கடைசியில் கல்படியில் தட்டியது. பதினோரு நிமிடம். நூர்ஜஹான் துண்டை வீசிவிட்டுப் புடவையோடு முழங்கால் தண்ணீரில் இறங்கி என் கையைப் பிடித்தாள்.

"ஏண்டி அழறே?" என்றேன்.

"கை வலிக்குது. எவ்வளவு நேரந்தான் தூக்கிப் புடிக்கிறது!"

அதற்குப் பிறகு ஐந்து ஞாயிற்றுக்கிழமை கொடுமுடிக்கே போனோம். மாசியில் சென்னையில் கடல் நீச்சலை நாற்பத்தாறு நிமிடத்தில் முடித்தேன். மொத்தத்தில் கடைசியிலிருந்து மூன்றாவது. முடித்தேன், அதுதான்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மேட்டூரில் தண்ணீர் எவ்வளவு விடுகிறார்கள் என்பதைப் பொறுத்துக் காவிரி நாளுக்கு நாள் மாறும். பரிசல்காரர்களிடம் கேட்காமல் இறங்க வேண்டாம். தனியாக ஒருபோதும் வேண்டாம். ஏறும் இடத்தில் செருப்பு வைத்துக்கொள்ளுங்கள். ஈரோட்டிலிருந்து ரயிலில் போவதே சௌகரியம், ஆனால் சைக்கிளை ஏற்ற முடியுமா என்று முன்னாலேயே விசாரியுங்கள். அன்றைய நேரங்களை நம்பிக் கிளம்ப வேண்டாம்.

கடிதம் எழுதிய வாசகிக்கு: பெரிய போட்டிக்கு முன்னால் கட்டாயம் ஒரு சின்னப் போட்டிக்குப் போங்கள். நமக்கு எது வராது என்று ஒரே காலையில் தெரிந்துவிடும். தெரிந்ததும் ஊருக்கு வண்டி ஏறிவிடாதீர்கள். சாப்பிடுங்கள், கொஞ்சம் படுங்கள், மூன்று மணிக்கு மறுபடி இறங்குங்கள்.