மூணு தடவை சார்

என் அக்காவின் கணவரிடமிருந்து ஒரு காலி டம்ளரை வாங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. நீட்டுவார், நாமும் பிடிப்போம், ஆனால் அவர் விடமாட்டார். "புடிச்சிட்டியா?" என்பார். "புடிச்சிட்டேன் மாமா" என்று சொன்னால்தான் விரல் தளரும். சாவியானாலும் சரி, கடைப் பையானாலும் சரி, இதே கூத்துதான். புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது.

மாமா ஹெலிகாப்டர் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். பயிற்சி ஹெலிகாப்டரில் ஆசிரியருக்கு ஒரு ஸ்டிக், மாணவனுக்கு ஒரு ஸ்டிக். ஒன்றை அசைத்தால் மற்றதும் அசையும். அதனால் ஓட்டுவது யார் என்பதை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். கொடுப்பவர் "உன் கையில" என்பார். வாங்குபவர் "என் கையில" என்பார். கொடுத்தவர் மறுபடியும் "உன் கையில" என்று சொன்ன பிறகே கையை எடுக்கலாம். மாமா இதில் மகா கறார். சொல்ல மறந்தவனை அன்றைக்கே இறக்கி வீட்டுக்கு அனுப்பிவிடுவார். பையன்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'மூணு தடவை சார்'.

கடைசியாக வந்த மாணவனுக்குக் கற்பூர புத்தி. அவனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மாமாவுக்குச் சோறுகூட மறந்துவிடும். "அவனுக்கு வாயால சொல்லவே வேணாம்டா. லேசா தொட்டா போதும், புரிஞ்சுக்குவான்" என்று என்னிடம் பீற்றிக்கொண்டார். அவர்கள் இருவருக்கும் நடுவில் மூன்று தடவை இரண்டாகி, இரண்டு ஒன்றாகி, கடைசியில் வாயே திறக்க வேண்டாம் என்று ஆகிவிட்டது.

அன்று தரை இறங்க ஓர் ஆள் உயரம்தான் பாக்கி. பக்கவாட்டில் ஒரு காற்று அடித்தது. மாமா ஸ்டிக்கை லேசாகத் தட்டிச் சரிசெய்துவிட்டுக் கையை எடுத்தார், ஓட்டுவது அவன்தானே என்று. சார் வாங்கிவிட்டார் என்று அவனும் விட்டுவிட்டான். அவன் கை மடியில் இருந்ததை மாமா பார்த்தபோது நேரம் கடந்துவிட்டது. ஹெலிகாப்டர் பையன் உட்கார்ந்திருந்த பக்கமாகச் சாய்ந்து, இறக்கை தரையில் அடித்து உருண்டது. பையன் அங்கேயே போய்விட்டான். மாமாவுக்குத் தொடை எலும்பு முறிந்தது.

ஆஸ்பத்திரியில் நான்தான் கூட இருந்தேன். பார்க்க வந்தவர்கள் எல்லாம் "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தலையே போனவன் ஒருவன் சவக்கிடங்கில் கிடந்தான், இவர்கள் தலைப்பாகையைப் பற்றிப் பேசினார்கள்.

பயிற்சிப் பள்ளி மேலாளர் வந்தார். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். "பையன் பதட்டத்துல விட்டுட்டான்னுதான் எல்லாரும் நெனைக்கிறாங்க. விசாரணையில நீங்க பொய் சொல்ல வேணாம் சார். ஞாபகம் இல்லன்னு சொன்னா போதும்." அவர் போனதும் அக்கா பிடித்துக்கொண்டாள். "நீங்க சொன்னா செத்தவன் எந்திரிச்சு வரப்போறானா? இந்த வேலையை விட்டா உங்களுக்கு வேற என்ன தெரியும்?" மாமா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மகனை அடக்கம் செய்த மறுநாள் அந்தப் பையனின் அம்மா வந்தார். தையல் வேலை செய்கிறவர். அக்கா கொடுத்த தண்ணீர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலருகே நின்றார்.

"சார், எம்புள்ள உங்களையும் சேத்துக் கொல்லப் பாத்துட்டான். அவனுக்காக நான் மன்னிப்புக் கேக்கறேன்."

அக்கா மாமாவைக் கெஞ்சுகிற மாதிரி பார்த்தாள். எனக்கும் அந்த நொடியில் அவர் வாயை மூடிக்கொண்டால் தேவலை என்றுதான் இருந்தது.

"அவன் மேல தப்பே இல்லம்மா" என்றார் மாமா. "நான் சொல்லாம ஸ்டிக்கைத் தொட்டேன். நான் வாங்கிட்டேன்னு நெனச்சு அவன் விட்டுட்டான். விசாரணையிலயும் இதைத்தான் சொல்லுவேன்."

அந்த அம்மா மெல்ல உட்கார்ந்தார். "மூணு தடவை சொல்லணுமே. வீட்டுல சோத்துத் தட்டை நீட்டினாக்கூட 'என் கையில'ன்னு சொல்லித்தான் வாங்குவான். நீங்க ஏன் சார் சொல்லல?"

"அவன் மேல அவ்வளவு நம்பிக்கைம்மா."

"அவனுக்கும் உங்க மேல அப்படித்தான் போலிருக்கு."

மாமா சொன்னபடியே விசாரணையில் சொன்னார். உரிமம் போயிற்று. இப்போது ஒரு டயர் கிடங்கில் மேற்பார்வை வேலை. அக்கா இரண்டு மாதம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அதெல்லாம் ஆறிப்போன கதை. அன்று அந்த அம்மா கிளம்பிய விதம்தான் இன்னும் ஆறவில்லை.

தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து, காலி டம்ளரை மாமாவிடம் நீட்டினார். மாமா பிடித்தார். அந்த அம்மா விடவில்லை.

"புடிச்சிட்டீங்களா?"

மாமா தலையை ஆட்டினார். அந்த அம்மாவின் கை டம்ளரிலேயே இருந்தது.

"வாயால சொல்லுங்க சார்."

"புடிச்சிட்டேன்மா."

அதன் பிறகுதான் விட்டார்.