சுகந்தியின் விரிசல்கள்

உலையைத் திறந்ததும் முதலில் சுகந்தியின் பிளேடைத்தான் பார்த்தேன். அதன் பூச்சு உரிந்திருக்க வேண்டும் என்று அவ்வளவு ஆசை எனக்கு.

எங்கள் கோட்டிங் ஷாப் சூலூர்ப் பக்கம். கேஸ் டர்பைன் பிளேடுகள் மேல் சிர்கோனியா என்ற பீங்கான் பவுடரை பிளாஸ்மா கன்னில் உருக்கி அடிப்போம். உலோகம் தாங்காத சூட்டை அந்த வெள்ளைப் பூச்சு தாங்க வேண்டும். பூச்சடிக்கப் புது பூத் ஒன்று வரவிருந்தது. கஸ்டமர் டெஸ்டில் யார் கோட்டிங் நிற்கிறதோ அவருக்கே அந்த பூத் என்று முதலாளி சொல்லிவிட்டார். போட்டி எனக்கும் காரமடை சுகந்திக்கும்.

நான் பம்ப் ஷாஃப்ட் பாலிஷில் பழகியவன். விரல் வழுக்கினால்தான் எனக்கு அது வேலை. பிளேடை ஆற்றி ஆற்றி, மெல்லிசு மெல்லிசாக, கீறல் இல்லாமல் இறுக்கமாக அடித்தேன். சுகந்தியோ கன்னைக் கிட்டே வைத்து, பிளேடு கொதிக்கும்போதே கனமாக அடித்தார். அவருடைய மாதிரித் துண்டை வெட்டி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், காய்ந்த குளத்து மண்போல மேலிருந்து கீழே விரிசல்கள். எனக்கு உள்ளுக்குள் தீபாவளி.

"ஏனுங்க அம்மணி, இங்கயே வெடிச்சுப்போச்சே. டர்பைன்ல ஏத்துனா என்னாகறது?"

"வெடிக்கோணும்னுதானுங்ணா அடிச்சேன். உங்களுது பீங்கான் தட்டாட்ட இருக்குதுங்க, சோறு போட்டுத் திங்கலாம்."

முதலாளியும் சேர்ந்து சிரித்தார். அன்று மதியம் சோறு இறங்கவில்லை.

டெஸ்ட் இதுதான்: உலையில் பழுக்க வைப்பது, வெளியே எடுத்துக் காற்றடித்துக் குளிர்விப்பது, மறுபடியும் உலை. சில சுற்றுகள் இரண்டும் நின்றன. அடுத்த முறை திறந்தபோது சுகந்தியின் பிளேடு அப்படியே இருந்தது. காற்றுப் பட்டதும் என் பிளேடிலிருந்து அப்பளம் போல ஒரு செதில் பெயர்ந்து டிரேயில் விழுந்தது.

"அம்மணி, பூத்து உன்னுதுதான் போ!" என்றார் முதலாளி.

கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். வாய் கேட்டுவிட்டது. "எப்படீங்க நின்னுச்சு?"

"சூட்டுல மெட்டல் நெறைய விரியுது, பூச்சு அவ்வளவா விரியறதில்லீங்க. நடுவுல சந்து இருந்தா வெலகிக் குடுத்துக்கும். உங்களுதுல வெலக எடமே இல்லீங்ணா."

சூட்டில் நிற்க வேண்டியது எதுவோ, அதற்கு அசைய இடம் விட வேண்டும். புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான்.

இப்போது நானும் விரிசல் விட்டே அடிக்கிறேன். மைக்ரோஸ்கோப்பில் அவை நேராக இறங்கியிருந்தால் மனசு குளிர்ந்துபோகும். அதற்குள் புது பூத்தில் சுகந்தியின் கன் இரையத் தொடங்கும். அவருடைய விரிசல் இன்னும் நேராக இருக்குமோ என்று எழுந்து போய் எட்டிப் பார்க்கிறேன்.